கம்பைல் செய்த நிரல் உள்ள பைத்தான் லைப்ரரியைப் பேக்கேஜ் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வு மாணவர்களும் பேராசிரியர்களும் தாங்கள் எழுதிய பைத்தான் லைப்ரரியை மற்றவர்களுக்குக் கொடுக்க முனையும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். விளக்குவதற்கு வசதியாக 'அலை' என்று ஒரு கற்பனை லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். நில அதிர்வுப் பதிவுகளை வடிகட்டுவது அதன் வேலை. மேலே பைத்தான். உள்ளே இரண்டு சைத்தான் (பைத்தான் போல எழுதி, சி-யாக மாற்றிக் கம்பைல் செய்யும் மொழி) கோப்புகள், ஒரு சி++ கோப்பு, எப்போதோ யாரோ எழுதிவைத்த ஒரு ஃபோர்ட்ரான் கோப்பு.

நான் எழுதினது பைத்தான்தானே. ஃபோல்டரை அப்படியே ஜிப் பண்ணிக் கொடுத்தா போதாதா?

முழுக்க முழுக்க பைத்தானாக இருந்தால் கிட்டத்தட்ட போதும். ஆனால் அலையில் இருக்கும் சி++, ஃபோர்ட்ரான், சைத்தான் பகுதிகளைக் கம்பைல் செய்தாக வேண்டும். கம்பைல் செய்தால் லினக்ஸிலும் மேக்கிலும் .எஸ்ஓ என்று முடியும் கோப்பு கிடைக்கும், விண்டோஸில் .பைடி என்று முடியும் கோப்பு கிடைக்கும். அந்தக் கோப்பு ஒரு இயங்குதளத்துக்கும் ஒரு பிராசசர் வகைக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு பைத்தான் பதிப்புக்கும் மட்டுமே பொருந்தும்.

ஆக, யாராவது கம்பைல் செய்ய வேண்டும். நீங்களா, பயன்படுத்துகிறவரா என்பதுதான் கேள்வி. பயன்படுத்துகிறவர் புவியியல் படித்தவராக இருக்கலாம். அவருடைய விண்டோஸ் லேப்டாப்பில் சி++ கம்பைலரே இருக்காது, ஃபோர்ட்ரான் கம்பைலரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வேலையை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. நீங்கள் ஒருமுறை சரியாகச் செய்தால் மற்ற எல்லோருக்கும், பைத்தானின் நிறுவும் கருவியான பிப்பில் 'பிப் இன்ஸ்டால்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்காகத்தான்.

எஸ்டிஸ்ட், வீல்னு ரெண்டு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

எஸ்டிஸ்ட் என்பது மூல நிரலின் பொட்டலம், .டார்.ஜிஇசட் என்று முடியும். நிறுவும்போது அந்தக் கணினியிலேயே கம்பைல் நடக்கும். வீல் என்பது கம்பைல் செய்து முடித்த பொட்டலம். உண்மையில் அது ஒரு ஜிப் கோப்புதான், பெயர் மட்டும் .டபிள்யூஎச்எல் என்று முடியும். பிப் அதை விரித்து உரிய இடத்தில் வைத்துவிடும், கம்பைலர் தேவையில்லை.

பிப் முதலில் தன் கணினிக்குப் பொருந்தும் வீல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் எஸ்டிஸ்டை இறக்கிக் கம்பைல் செய்ய முயலும். பயனர்கள் அனுப்பும் பக்கம் பக்கமான சிவப்பு எழுத்துப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கட்டத்தில் வருபவை. அவர்கள் பிழையென்று நினைப்பது ஃபோர்ட்ரானை. உண்மையான காரணம் அவர்களுக்கான வீல் இல்லாதது.

வீல் கோப்போட பேர் ஏன் ரயில் மாதிரி நீளமா இருக்கு?

பிப் கோப்பைத் திறக்காமலே, பெயரை மட்டும் படித்து இது எனக்கா இல்லையா என்று முடிவு செய்கிறது. அதனால்தான் அந்த நீளம். ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்: அலை-0.3.0-சிபி312-சிபி312-மெனிலினக்ஸ்_2_28_எக்ஸ்86_64. முதலில் பேக்கேஜ் பெயர், அப்புறம் பதிப்பு. அடுத்த சிபி312 என்பது சிபைத்தான் 3.12. அதற்கடுத்து மறுபடி வரும் சிபி312 ஏபிஐ, அதாவது கம்பைல் செய்த நிரல் பைத்தானின் உள்ளமைப்போடு எந்த இணைப்பு முறையில் ஒட்டியிருக்கிறது என்பது. கடைசிப் பகுதி இயங்குதளமும் பிராசசரும்.

பெயர் ஒரு வாக்குறுதி. உள்ளே இருக்கும் .எஸ்ஓ கோப்பு அந்த வாக்குறுதியைக் காப்பாற்றாவிட்டாலும் பிப் நிறுவிவிடும், பிழை இம்போர்ட் செய்யும்போதுதான் தெரியும். ஆகவே பெயரைக் கையால் மாற்றி ஏற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். 'பை3-நன்-எனி' என்று முடியும் ஒரு வீல் உங்கள் லைப்ரரியிலிருந்து வந்தால் கம்பைல் நடக்கவே இல்லை என்று அர்த்தம், உடனே நிறுத்திப் பாருங்கள்.

எங்க கிட்ட செட்டப்.பை இருக்கே. பைபிராஜெக்ட்.டாமல் கட்டாயமா?

செட்டப்.பை என்பது ஒரு பைத்தான் நிரல். அதை ஓட்டினால்தான் என்னென்ன தேவை என்று தெரியும், ஆனால் ஓட்டுவதற்கே நம்பையும் (எண் அரேக்களுக்கான அடிப்படை லைப்ரரி) சைத்தானும் முன்கூட்டியே வேண்டும். இந்த முட்டுக்கட்டையை உடைக்கத்தான் பெப் 518 (பெப் என்பது பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு) பைபிராஜெக்ட்.டாமல் கோப்பைக் கொண்டுவந்தது. கட்டுவதற்கு என்னென்ன வேண்டும் என்பதை அதில் வெறும் பட்டியலாக எழுதிவிடுகிறோம். பிப் ஒரு தற்காலிகச் சூழலை உருவாக்கி, அவற்றை அங்கே நிறுவி, அதற்குள்ளேயே கட்டுகிறது. பெப் 517 வந்தபின் கட்டும் கருவியையும் நாமே தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய லைப்ரரிகள் நம்பியிருந்த டிஸ்டுட்டில்ஸ் 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12 உடன் நீக்கப்பட்டுவிட்டது. ஃபோர்ட்ரானுக்காக நாம் எல்லோரும் பயன்படுத்திய நம்பை.டிஸ்டுட்டில்ஸும் 3.12 முதல் கிடையாது. உங்கள் செட்டப்.பை அதை இம்போர்ட் செய்தால் தள்ளிப்போட வழியில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

சரி, செட்டப்டூல்ஸா, மெசானா, சிமேக்கா? எதை எடுக்கிறது?

இரண்டு மூன்று சைத்தான் கோப்புகள் மட்டும் என்றால் செட்டப்டூல்ஸ் போதும். ஏற்கெனவே சிமேக்கில் கட்டப்படும் பெரிய சி++ நிரல் இருந்தால் சைகிட்-பில்டு-கோர் எடுங்கள். ரஸ்ட் என்றால் மேட்டூரின்.

ஃபோர்ட்ரான் இருந்தால் என் பரிந்துரை மெசான்-பைத்தான். சைபை (நம்பையின் மேல் கட்டிய அறிவியல் கணக்கு லைப்ரரி) 2022-இல் 1.9 பதிப்போடு மெசானுக்கு மாறியது, நம்பை 2023-இல் 1.26 பதிப்போடு மாறியது. அந்த இரண்டிலும் இருக்கும் அளவுக்குச் சிக்கலான நிரலை அது கட்டுகிறதென்றால் அலையைக் கட்டாதா? தவிர, சி, சி++, ஃபோர்ட்ரான், சைத்தான் நான்கும் அதற்குத் தெரியும், சார்புகளைச் சரியாகக் கணக்கிட்டு மாறிய கோப்பை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். ஆனால் ஒன்று: ஒவ்வொரு பைத்தான் கோப்பையும் மெசான் கோப்பில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். புதிதாக ஒரு கோப்பு எழுதிவிட்டு அதைச் சேர்க்க மறந்தால் வீலில் அது வராது.

மெசானுக்கு மாறினேன். எடிட்டபிளா நிறுவினா இம்போர்ட் பண்ணும்போது நின்ஜா இல்லைனு திட்டுது.

மெசான்-பைத்தானில் எடிட்டபிள் முறையில் (நகலெடுக்காமல், மூல ஃபோல்டரையே சுட்டி) நிறுவினால், ஒவ்வொரு முறை இம்போர்ட் செய்யும்போதும் மாறிய கோப்புகளை அதுவே மறுபடி கம்பைல் செய்யப் பார்க்கும். அதற்கு நின்ஜாவும் (மெசான் சொல்வதை ஓட்டிக் கட்டும் கருவி) மெசானும் சைத்தானும் தேவை. பைபிராஜெக்ட்.டாமல் பதிலில் சொன்ன தற்காலிகச் சூழலில்தான் அவை இருந்தன. நிறுவி முடித்ததும் பிப் அந்தச் சூழலை அழித்துவிட்டது.

கட்டும் கருவிகளை உங்கள் சூழலிலேயே நிறுவிக்கொண்டு, நோ-பில்டு-ஐசொலேஷன் என்ற தேர்வோடு எடிட்டபிளாக நிறுவுங்கள். இது உருவாக்குகிறவர்களுக்கு மட்டும். பயனர்களுக்கான வழிகாட்டியில் இந்தத் தேர்வை எழுதாதீர்கள்.

என் உபுண்டுல வீல் அழகா வந்துச்சு. பைபிஐ-ல ஏத்தப்போனா ஏத்துக்க மாட்டேங்குது!

உங்கள் வீலின் பெயர் லினக்ஸ்_எக்ஸ்86_64 என்று முடிந்திருக்கும். பைபிஐ (பிப் பேக்கேஜ்களை இறக்கும் பொதுக் களஞ்சியம்) அதை ஏற்காது, ஏற்காததும் நல்லதுதான். 'லினக்ஸ்' என்றால் எந்த லினக்ஸ்? உபுண்டு 24.04-இல் இருக்கும் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.39. அங்கே கம்பைல் செய்த நிரல் அந்தப் புதிய ஜிலிப்சியில் உள்ள சிம்பல்களைக் கேட்கும். பல்கலைக்கழக கிளஸ்டரில் ராக்கி லினக்ஸ் 8 இருந்தால் அங்கே ஜிலிப்சி 2.28. நிரல் தொடங்கும் முன்பே 'ஜிலிப்சி_2.3x கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது.

அதற்கான ஏற்பாடுதான் மெனிலினக்ஸ். வேண்டுமென்றே பழைய லினக்ஸ் ஒன்றை டாக்கர் இமேஜாக வைத்து, அதற்குள் புதிய கம்பைலரைப் போட்டுக் கட்டுவது. 2016-இல் வந்த மெனிலினக்ஸ்1-க்கு சென்ட்ஓஎஸ் 5, மெனிலினக்ஸ்2014-க்கு சென்ட்ஓஎஸ் 7 அடிப்படை. இப்போது பெயரிலேயே ஜிலிப்சி எண் வந்துவிட்டது: மெனிலினக்ஸ்_2_28 என்றால் ஜிலிப்சி 2.28 அல்லது அதற்கு மேல். அதன் இமேஜ் அல்மாலினக்ஸ் 8. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2_28 எடுக்கலாம். உங்கள் பயனர்கள் பழைய கிளஸ்டர்களில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் 2014-ஐயும் வைத்திருங்கள்.

அல்பைன் லினக்ஸ் கேட்பவர்களுக்கு: அதில் ஜிலிப்சியே கிடையாது, மஸல் என்ற வேறு சி லைப்ரரி. அதற்கு மஸல்லினக்ஸ் என்ற தனி வீல் வேண்டும்.

ஆடிட்வீல் என்ன செய்யுதுனே புரியல. ஓட்டச் சொன்னாங்க, ஓட்டினேன்.

அலையின் .எஸ்ஓ கோப்புக்கு ஓப்பன்பிளாஸும் (அணிக் கணக்கு லைப்ரரி) லிப்ஜிஃபோர்ட்ரானும் (ஃபோர்ட்ரான் நிரல் ஓடத் தேவையான லைப்ரரி) வேண்டும். உங்கள் கணினியில் அவை இருக்கும், பயனர் கணினியில் இருக்கும் என்று உறுதியில்லை. ஆடிட்வீல் முதலில் உங்கள் வீல் எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. எல்லா லினக்ஸிலும் இருக்கும் என்று மெனிலினக்ஸ் விதி ஏற்றுக்கொண்டவற்றை விட்டுவிடும். மற்றவற்றை அலை.லிப்ஸ் என்ற ஃபோல்டருக்குள் நகலெடுத்து வைக்கும்.

அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், கோப்புப் பெயர்களில் நடுவே ஒரு ஹாஷ் துண்டு ஒட்டியிருக்கும். இன்னொரு பேக்கேஜும் தன்னுடைய லிப்ஜிஃபோர்ட்ரானைக் கொண்டுவரும்போது இரண்டும் மோதாமல் இருக்கத்தான் அந்தப் பெயர் மாற்றம். பிறகு உங்கள் .எஸ்ஓ கோப்புக்குள் தேடும் பாதையை மாற்றி எழுதுகிறது, வீலுக்கு மெனிலினக்ஸ் பெயரையும் வைக்கிறது. மேக்கில் இதே வேலைக்கு டெலோகேட், விண்டோஸில் டெல்வ்வீல். ஏற்றும் முன் 'ஆடிட்வீல் ஷோ' ஓட்டி வெளியீட்டைப் படிக்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராத லைப்ரரி ஏதாவது உள்ளே நுழைந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

என் விண்டோஸ்ல ஓடுது, இன்னொருத்தர் விண்டோஸ்ல 'டிஎல்எல் லோடு ஃபெயில்டு'. ரெண்டும் ஒரே விண்டோஸ் 11!

அந்தச் செய்தி எந்த டிஎல்எல் என்று சொல்லாது, அதுதான் எரிச்சல். பைடி கோப்பு அங்கேதான் இருக்கும், அது கேட்கும் வேறொன்று இருக்காது. வழக்கமாக இரண்டு காரணங்கள். முதலாவது எம்எஸ்விசிபி140. பைத்தான் தன்னோடு விசிரன்டைம்140-ஐக் கொண்டுவரும், ஆனால் சி++ நிரலுக்குத் தேவையான எம்எஸ்விசிபி140-ஐக் கொண்டுவராது. உங்களிடம் விஷுவல் ஸ்டுடியோ இருப்பதால் உங்களுக்கு ஓடியது.

இரண்டாவது, பைத்தான் 3.8 முதல் விண்டோஸில் எக்ஸ்டென்ஷன்களின் டிஎல்எல்களைத் தேடும்போது பாத் மாறியைப் பார்ப்பதில்லை. பாத்தில் ஃபோல்டரைச் சேர்க்கச் சொல்லும் பழைய அறிவுரைகள் இதனால் பலிக்காது. இரண்டுக்கும் மருந்து டெல்வ்வீல்தான்: தேவையான டிஎல்எல்களை வீலுக்குள் வைத்து, இம்போர்ட் ஆகும்போது அந்த ஃபோல்டரைத் தேடல் பட்டியலில் சேர்த்துவிடும். கம்பைலர் எதுவுமே நிறுவாத வெறும் விண்டோஸில் சோதித்த பிறகுதான் ஏற்றுங்கள்.

மேக் என்கிட்ட இல்லவே இல்லை. அந்த வீலை எப்படிக் கட்டுறது?

உங்களிடம் இருக்க வேண்டியதில்லை. சிஐபில்டுவீல் என்ற கருவியை கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற சேவையில் ஓட்டினால் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் கட்டி, மேலே சொன்ன ஆடிட்வீல், டெலோகேட் இரண்டையும் தானே ஓட்டி, வீலைப் புதிய சூழலில் நிறுவிச் சோதனைகளையும் ஓட்டிவிடும். விண்டோஸுக்கு டெல்வ்வீலை மட்டும் அமைப்பில் நீங்கள் குறிப்பிட வேண்டும்.

எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டாம். பைத்தான் 3.11 முதல் 3.14 வரை நான்கு பதிப்புகள். எக்ஸ்86 லினக்ஸ், ஆர்ம் லினக்ஸ், விண்டோஸ், இன்டெல் மேக், ஆப்பிள் சிலிக்கான் மேக் என்று ஐந்து தளங்கள். 20 வீல்கள். எல்லாம் ஒரே அமைப்புக் கோப்பிலிருந்து வருகின்றன. மேக்கில் மட்டும் மேக்ஓஎஸ்எக்ஸ் டெப்ளாய்மென்ட் டார்கெட் என்ற மாறியை மறக்காதீர்கள். நீங்கள் ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய மேக்ஓஎஸ் பதிப்பு எது என்று அதுதான் சொல்லும்.

நம்பை 2 வந்த பிறகு எந்த நம்பையை வச்சுக் கட்டணும்? பழசையா, புதுசையா?

முன்பு விதி எளிது, ஆனால் சங்கடமானது: ஆதரிக்கும் நம்பைகளில் மிகப் பழையதை வைத்துக் கட்டு. அதற்கென்றே ஓல்டஸ்ட்-சப்போர்ட்டட்-நம்பை என்ற பேக்கேஜ் இருந்தது. இன்னும் சிலர் பழைய பைபிராஜெக்ட் கோப்பிலிருந்து அதை நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அது தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

2024 ஜூனில் வந்த நம்பை 2.0 ஏபிஐயை உடைத்தது. 1.x-ஐ வைத்துக் கம்பைல் செய்தது 2.0-இல் ஓடாது. ஆனால் 2.x-ஐ வைத்துக் கம்பைல் செய்தது 2.x-இலும் ஓடும், போதுமான அளவு புதிய 1.x-இலும் ஓடும். ஆகவே கட்டும் தேவைகளில் நம்பை 2.0 அல்லது அதற்கு மேல் என்று எழுதுங்கள். ஓடும்போது தேவைப்படும் நம்பைக்கு நீங்கள் உண்மையிலேயே சோதித்த மிகக் குறைந்த பதிப்பை எழுதுங்கள். இந்த இரண்டும் வேறு வேறு இடங்களில் வரும் வேறு வேறு எண்கள். இதைப் பலர் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள்.

'நம்பை.டிடைப் சைஸ் சேஞ்ச்டு, பைனரி இன்கம்பேட்டிபிளிட்டி' அப்படினு வருதே?

முந்தின பதிலின் மறுபக்கம்தான் இது. கம்பைல் செய்யும்போது தலைப்புக் கோப்பில் இருந்த ஸ்ட்ரக்சரின் அளவு ஒன்று, இப்போது ஓடும் நம்பையில் உள்ள அளவு வேறொன்று. சைத்தான் உருவாக்கிய நிரல் இம்போர்ட்டிலேயே இரண்டையும் ஒப்பிட்டு நிறுத்திவிடுகிறது. நிறுத்தாமல் விட்டால் நினைவகத்தில் தப்பான இடத்தைப் படித்துத் தப்பான எண்களைத் தரும், அது இன்னும் மோசம்.

பயனரிடம் நம்பையை ஏற்று, இறக்கு என்று சொல்வது அன்றைக்கு மட்டும் உதவும். புதிய நம்பையை வைத்து வீலை மறுபடி கட்டி, அடுத்த பதிப்பாக வெளியிடுங்கள்.

ஒவ்வொரு பைத்தானுக்கும் தனித்தனி வீல் கட்டாம ஒரே வீலா கொடுக்க முடியாதா?

முடியும், ஆனால் எல்லோருக்கும் இல்லை. பெப் 384 மூலம் பைத்தான் 3.2-இல் வந்த நிலையான ஏபிஐ இருக்கிறது. பைத்தானின் சி இடைமுகத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் பயன்படுத்தினால் வீல் பெயரில் ஏபிஐ3 என்று வரும், அந்த ஒரே வீல் பின்னால் வரும் பதிப்புகளிலும் ஓடும். அறிவியல் லைப்ரரிகளுக்கு நீண்ட நாள் தடையாக இருந்தது பஃபர் புரோட்டோகால். அரேயின் நினைவகத்தை நகலெடுக்காமல் நேரடியாகத் தொட அது அவசியம், ஆனால் நிலையான ஏபிஐக்குள் 3.11-இல்தான் அது வந்தது.

சி++-ஐப் பைத்தானோடு இணைக்கும் கருவிகளில் நேனோபைண்டு பைத்தான் 3.12 முதல் ஏபிஐ3-ஐ ஆதரிக்கிறது, பைபைண்டு11 ஆதரிப்பதில்லை. அலை போன்ற லைப்ரரியில் எஃப்2பை (ஃபோர்ட்ரானைப் பைத்தானோடு இணைக்கும் கருவி), சைத்தான், சி++ எல்லாம் கலந்திருக்கும்போது இதற்காக எல்லாவற்றையும் மாற்றி எழுதுவது வீண். சிஐபில்டுவீல் 20 கட்டட்டும், நீங்கள் ஆய்வைக் கவனியுங்கள்.

ஃபோர்ட்ரான் கோப்பு ஒண்ணே ஒண்ணுதான். அதுக்காக இவ்வளவு கஷ்டமா?

விண்டோஸில் ஆமாம். மைக்ரோசாஃப்டின் கம்பைலரில் ஃபோர்ட்ரான் கிடையாது. ஜிஃபோர்ட்ரான் எம்ஐஎன்ஜிடபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி கம்பைலர் தொகுப்பு) வழியாக வரும், இரண்டையும் ஒன்றாக இணைப்பது தொல்லையான வேலை. சைபையே 2017-இல் 1.0 வந்தபோதுதான் முதல்முறையாக விண்டோஸ் வீல்களை பைபிஐயில் கொடுத்தது. அதுவரை விண்டோஸ்காரர்கள் வேறெங்கோ தேடி எடுக்க வேண்டியிருந்தது. இன்று எளிய வழி, விண்டோஸில் சி, சி++, ஃபோர்ட்ரான் மூன்றையும் எம்ஐஎன்ஜிடபிள்யூவிலேயே கட்டிவிடுவது.

ஆனால் முதலில் அந்தக் கோப்பைப் படித்துப் பாருங்கள் என்பேன். ஒரு மூலைவிட்டச் சமன்பாட்டுத் தீர்வோ ஒரு ஸ்ப்லைனோதான் அதில் இருக்கிறதென்றால் சைபையில் ஏற்கெனவே இருக்கும், அழைத்துக்கொள்ளலாம். சிறியது என்றால் சி-யில் திருப்பி எழுதலாம். பல ஆண்டுகள் சரிபார்க்கப்பட்டு, கட்டுரைகளில் முடிவுகள் வெளிவந்த பெரிய நிரல் என்றால் தொடாதீர்கள். அதைக் கட்டும் சிரமம் அதன் நம்பகத்தன்மைக்குக் கொடுக்கும் விலை, அந்த விலை நியாயமானது.

-மார்ச்=நேட்டிவ் போட்டா வேகம் நல்லா ஏறுது. போட்டு வீல் கட்டலாமா?

கூடாது. 'இந்தக் கணினியின் பிராசசரில் உள்ள எல்லா கட்டளைகளையும் பயன்படுத்து' என்பது அதன் பொருள். கட்டிய சர்வரில் ஏவிஎக்ஸ்-512 இருந்து பயனரின் லேப்டாப்பில் இல்லையென்றால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று பைத்தானே விழுந்துவிடும், எந்த வரியில் என்றுகூடச் சொல்லாது. வீல் பெயரில் எக்ஸ்86_64 என்று மட்டும்தான் இருக்கிறது. பெயர் தந்த வாக்குறுதியை நீங்கள் மீறியதாகிவிடும். வேகம் அவ்வளவு முக்கியம் என்றால் ஒரே செயற்கூறைப் பல பிராசசர்களுக்காகக் கம்பைல் செய்து, ஓடும்போது பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்பை அப்படித்தான் செய்கிறது.

இதோடு சேர்த்து -ஃபாஸ்ட்-மேத் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது இன்னும் ஆபத்தானது. ஜிசிசி 13-க்கு முந்தைய பதிப்புகளில், .எஸ்ஓ கோப்பை இணைக்கும்போது அந்தத் தேர்வு இருந்தால் ஒரு சின்னத் துண்டு நிரல் உள்ளே சேர்ந்துவிடும். உங்கள் லைப்ரரியை இம்போர்ட் செய்த கணத்தில் அது பிராசசரின் நிலையை மாற்றி, மிகமிகச் சிறிய சப்நார்மல் எண்களைப் பூஜ்ஜியமாக்கச் சொல்லிவிடும். மாறுவது உங்கள் நிரலின் கணக்கு மட்டுமல்ல, அந்த த்ரெட்டில் ஓடும் எல்லோருடைய கணக்கும். 'ஸ்மாலஸ்ட் சப்நார்மல் இஸ் ஜீரோ' என்று நம்பை எச்சரித்தால் ஏதோ ஒரு பேக்கேஜ் இதைச் செய்திருக்கிறது. அறிவியல் கணக்குக்காக நிரல் எழுதுகிறவர்கள் அடுத்தவரின் எண்ணை மாற்றக்கூடாது.

ரெண்டு லைப்ரரியைச் சேர்த்து இம்போர்ட் பண்ணா 'ஓஎம்பி எரர் 15'. தனித்தனியா ஓடுது.

ஆடிட்வீல் கேள்வியில் சொன்ன நகலெடுப்பின் பக்கவிளைவு இது. ஒவ்வொரு வீலும் தனக்கான ஓப்பன்எம்பி (கணக்கைப் பல த்ரெட்களில் பிரித்து ஓட்டும் முறை) ரன்டைமைக் கொண்டுவருகிறது. சாதாரண லைப்ரரி இரண்டு நகல் இருந்தால் கொஞ்சம் நினைவகம் வீண், அவ்வளவுதான். ஓப்பன்எம்பி த்ரெட்களை நிர்வகிப்பது, ஒரே பிராசஸில் இரண்டு நிர்வாகிகள் இருந்தால் மோதல் வரும். அந்தச் செய்தியே கேஎம்பி டூப்ளிகேட் என்ற மாறியை வைக்கச் சொல்லும், தப்பான முடிவு வரலாம் என்றும் கூடவே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை நம்புங்கள், மாறியை வைக்காதீர்கள். கோண்டா (பிப்புக்கு மாற்றான பேக்கேஜ் நிர்வாகி) சூழலில் எல்லாப் பேக்கேஜும் ஒரே ரன்டைமைப் பகிர்வதால் இந்தச் சிக்கல் அரிது. உங்கள் லைப்ரரியில் ஓப்பன்எம்பி இல்லாமலே சமாளிக்க முடியும் என்றால் வீலில் அதைச் சேர்க்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

அப்போ பிப்பை விட்டுட்டு கோண்டாவுக்கே போயிடலாமே?

இரண்டிலும் கொடுங்கள். கோண்டா பைத்தான் அல்லாதவற்றையும் பேக்கேஜாக நிர்வகிக்கும்: கம்பைலர், ஓப்பன்பிளாஸ், எச்டிஎஃப்5 எல்லாம். ஆகவே எதையும் வீலுக்குள் நகலெடுக்க வேண்டியதில்லை. கோண்டாவுக்கான சமூகக் களஞ்சியமான கோண்டா-ஃபோர்ஜில் ஒரு ரெசிப்பி (கட்டும் குறிப்பு) கொடுத்தால் போதும், புதிய பைத்தான் வரும்போது அங்குள்ள பாட்களே மறுகட்டுமானத்தைத் தொடங்கிவைக்கும். ஜிடிஏஎல் போன்ற கனமான சார்பு இருந்தால் கோண்டாதான் முதல் வழி.

ஆனால் பலர் பிப்போடுதான் வருவார்கள், அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

வீல் எல்லாத்துக்கும் இருக்கே, எஸ்டிஸ்ட் இனி எதுக்கு?

கோண்டா-ஃபோர்ஜும் டெபியனும் எஸ்டிஸ்டிலிருந்துதான் கட்டுகின்றன. ஆகவே கண்டிப்பாகப் போடுங்கள், போடும் முன் அதிலிருந்தே ஒருமுறை வீல் கட்டிப் பாருங்கள். செட்டப்டூல்ஸில் மேனிஃபெஸ்ட் கோப்பில் சேர்க்காத .எச் தலைப்புக் கோப்பு எஸ்டிஸ்டில் வராமல் போவது அன்றாடம் நடப்பது. மெசான்-பைத்தான் கிட்டில் கமிட் செய்த கோப்புகளை மட்டும்தான் எடுக்கும்.

டெஸ்ட் எல்லாம் பாஸ். நிறுவினவங்களுக்கு மட்டும் மாட்யூல் நாட் ஃபவுண்டு.

நீங்கள் சோதித்தது நிறுவிய பேக்கேஜை அல்ல, பக்கத்தில் இருக்கும் மூல ஃபோல்டரை. பைத்தான் முதலில் நடப்பு ஃபோல்டரில் தேடும், அங்கே அலை என்ற ஃபோல்டர் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். நிரலை எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள் நகர்த்துங்கள், சோதனைகளை வேறொரு இடத்திலிருந்து ஓட்டுங்கள். சிஐபில்டுவீல் அப்படித்தான் ஓட்டுகிறது. அதனால்தான் அதில் திடீரென்று சோதனை விழுகிறது, அது விழுவது நல்லது.

மாதிரித் தரவு 300 எம்பி இருக்கு. வீலுக்குள்ள வைக்கலாமா?

பைபிஐயில் ஒரு கோப்புக்கு வழக்கமான வரம்பு 100 எம்பி. வரம்பு இல்லாவிட்டாலும் வைக்கக்கூடாது: 20 வீல்களிலும் அதே தரவு 20 தடவை இருக்கும். தரவைத் தனியாக ஏற்றிவிட்டு பூச் என்ற பேக்கேஜ் மூலம் தேவைப்படும்போது இறக்கச் செய்யுங்கள். இறக்கியதன் ஹாஷையும் அது சரிபார்க்கும். சைபையின் மாதிரித் தரவுகளும் அப்படித்தான் வருகின்றன.

அடுத்த பைத்தான்ல ஓடுமானு தெரியாது. '3.14 வரைக்கும் மட்டும்'னு வரம்பு போட்டுடவா?

வேண்டாம். பைத்தானுக்கு மேல்வரம்பு போட்டால் 3.15 வைத்திருப்பவரின் பிப் 'பொருந்தாது' என்று சொல்லி நிற்காது. பின்னோக்கிப் போய், வரம்பு இல்லாத உங்கள் பழைய பதிப்பைக் கண்டுபிடித்து, அதன் எஸ்டிஸ்டை இறக்கிக் கம்பைல் செய்ய முயலும். கிடைப்பது இரண்டாவது கேள்வியில் சொன்ன சிவப்பு எழுத்துகள். கீழ்வரம்பு போடுங்கள், அது அவசியம். எவ்வளவு பழைய பைத்தான் வரை ஆதரிப்பது என்றால், அறிவியல் பைத்தான் சமூகத்தின் ஸ்பெக் 0 பரிந்துரையைப் பின்பற்றலாம்: பைத்தான் பதிப்பு வெளிவந்து 3 ஆண்டுகள், நம்பை போன்ற அடிப்படைப் பேக்கேஜ்களுக்கு 2 ஆண்டுகள்.

லைசென்ஸ்ல எம்ஐடினு போட்டுட்டேன். வேற ஏதாவது பார்க்கணுமா?

பார்க்க வேண்டும், ஏனென்றால் வீலுக்குள் இருப்பது உங்கள் நிரல் மட்டுமல்ல. ஓப்பன்பிளாஸ் பிஎஸ்டி, அதன் உரிமக் கோப்பைச் சேர்த்தால் போதும். லிப்ஜிஃபோர்ட்ரான் ஜிபிஎல், ஆனால் ரன்டைம் விதிவிலக்கு உள்ளது. எஃப்எஃப்டிடபிள்யூ, ஜிஎஸ்எல் இரண்டும் ஜிபிஎல். அவற்றை உள்ளே வைத்த வீலை எம்ஐடி மட்டும் என்று சொல்லிக் கொடுக்க முடியாது. ஃபூரியர் மாற்றம்தான் வேண்டும் என்றால் சைபையில் இருக்கும் பாக்கெட்எஃப்எஃப்டி பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கிறது.

இன்னொன்று, பாடநூல்களிலிருந்து தட்டச்சு செய்த நிரல்கள். பழைய ஃபோர்ட்ரான் கோப்புகளில் இவை மறைந்திருக்கும், அச்சிட்ட நிரலை மறுவிநியோகம் செய்ய எல்லாப் பதிப்பகங்களும் அனுமதிப்பதில்லை. கோப்பின் தலைக்குறிப்பைப் படித்து, யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஏத்தின வீல்ல தப்பு. அழிச்சிட்டு அதே பேர்ல மறுபடி ஏத்தலாமா?

முடியாது. அழித்தாலும் அதே கோப்புப் பெயரை பைபிஐ மறுபடி ஏற்காது. 0.3.0-ஐ யாங்க் செய்யுங்கள்: சரியாக அந்தப் பதிப்பையே குறிப்பிட்டுக் கேட்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும், மற்றவர்களுக்குப் பிப் தராது. பிறகு 0.3.1 வெளியிடுங்கள். ஏற்றும் முன் டெஸ்ட்பைபிஐயில் ஒத்திகை பார்த்தால் பாதித் தவறுகள் அங்கேயே பிடிபடும். ஏற்றுவதற்கு 2023-இல் வந்த ட்ரஸ்டட் பப்ளிஷிங் முறையைப் பயன்படுத்துங்கள், கடவுச்சொல்லையோ டோக்கனையோ எங்கும் சேமிக்க வேண்டியதில்லை.

பைத்தான்ல ஜில் இல்லாத பதிப்பு வந்திருக்காமே. அதுக்கும் வீல் போடணுமா?

ஜில் என்பது ஒரு நேரத்தில் ஒரே ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் நிரலை ஓட்ட விடும் பூட்டு. அது இல்லாத பதிப்பு 2024 அக்டோபரில் 3.13-இல் பரிசோதனையாக வந்தது, 3.14-இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்றது. அதற்குத் தனி ஏபிஐ, வீல் பெயரில் சிபி314டி என்று கடைசியில் ஒரு டி வரும். மேலே பேசிய ஏபிஐ3 வீல்கள் இந்த இரண்டு பதிப்புகளின் ஜில் இல்லாத வடிவத்தில் ஓடாது.

வீல் கட்டுவது சுலபம், 'என் நிரல் தயார்' என்று அறிவிப்பதுதான் கடினம். அறிவிக்காத எக்ஸ்டென்ஷனை இம்போர்ட் செய்தால் பைத்தான் ஓர் எச்சரிக்கையோடு ஜில்லை மறுபடி போட்டுக்கொள்ளும், அதனால் தவறு எதுவும் நடக்காது. சைத்தானிலும் எஃப்2பையிலும் அறிவிப்புக்கு ஒரு வரிதான் தேவை. ஆனால் அதை எழுதும் முன் ஃபோர்ட்ரான் கோப்பைத் திறந்து காமன் பிளாக், சேவ் இந்த இரண்டையும் தேடுங்கள். ஒவ்வொன்றும் எல்லா த்ரெட்களும் பகிரும் நினைவகம். இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் அலையின் வடிகட்டியை அழைத்தால் ஒன்றின் இடைக்கணக்கை மற்றது அழித்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, வரைபடம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். சி++ கோப்பில் ஸ்டேட்டிக் மாறிகளையும் அதே கண்ணோடு பாருங்கள். அவற்றையெல்லாம் ஆர்கியூமென்ட்டாக மாற்றி, பல த்ரெட்களில் ஓட்டும் சோதனை ஒன்றை எழுதி, அது பலமுறை தேறிய பிறகு அந்த அறிவிப்பு வரியைச் சேருங்கள். அதுவரை சாதாரண வீல்களே போதும்.